அயர்லாந்து 1922: எந்த வாக்கு செல்லும்?

கேள்வி: "1922-23ல் நடந்த அயர்லாந்து உள்நாட்டுப் போரை ஜனநாயகவாதிகளுக்கும் குடியரசுவாதிகளுக்கும் நடந்த சண்டை என்கிறார்கள். குடியரசு என்றாலே மக்களாட்சிதானே? இரண்டும் எப்படி எதிரெதிராக நின்றன? நியாயம் யார் பக்கம்?"

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நமக்குக் குடியரசு என்றால் மன்னர் இல்லாத அரசு, அவ்வளவுதான். அந்தப் பொருளோடு அயர்லாந்துக்குள் நுழைந்தால் எதுவும் பிடிபடாது. அங்கே 'குடியரசு' என்பது 1916 ஈஸ்டர் வாரத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சியின்போது, டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன் பிரகடனம் செய்யப்பட்டு, 1919 ஜனவரி 21 அன்று டாயில் என்ற ஐரிஷ் மக்களவையால் உறுதிசெய்யப்பட்ட ஒரு குறிப்பிட்ட அரசின் பெயர். ஒரு தரப்புக்கு அது இனிமேல் அடையவேண்டிய இலக்கு. மற்றத் தரப்புக்கு அது ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தை. அதைக் கொல்ல எந்தப் பெரும்பான்மைக்கும் உரிமை இல்லை. 1922ன் சண்டை முழுதும் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

ஜனநாயகம் வேண்டாம் என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை (ஒரே ஒருவர் கிட்டத்தட்டச் சொன்னார், அவரிடம் பிறகு வருகிறேன்). எந்த வாக்கெடுப்பு செல்லும், எது செல்லாது என்பதில்தான் மோதல். ஆகவே வாக்கெடுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே நல்ல வழி. இரு தரப்புப் பிரசாரமும் மறைக்கும் ஓட்டைகள் அப்போதுதான் தெரியும்.

1916 எழுச்சிக்கு வாக்கு எதுவும் கிடையாது. அதை நடத்திய ரகசிய அமைப்பான ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம் 1873லேயே தன் விதிகளில் ஒன்றை எழுதி வைத்திருந்தது: இங்கிலாந்துக்கு எதிராகப் போர் தொடங்கும் நேரத்தை ஐரிஷ் மக்களின் பெரும்பான்மை முடிவு செய்யும்வரை அமைப்பு காத்திருக்க வேண்டும். 1916ல் அந்த விதியைத் தாண்டித்தான் போனார்கள். ஆனால் அதே பிரகடனம், ஆண் பெண் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசு அமையும்வரை அதிகாரத்தைப் பொறுப்பாக வைத்திருப்பதாகவும் வாக்குறுதி தந்தது. மக்களைக் கேட்காமல் தொடங்கி, மக்களிடம் கணக்குக் காட்டுவதாகச் சொன்ன இயக்கம். பின்னால் வந்த வாதங்கள் அத்தனையும் இந்த முரண்பாட்டில் முளைத்தவைதான்.

கணக்குக் காட்டும் நாள் 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில் வந்தது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும், சொத்துத் தகுதியுள்ள 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை விரிந்திருந்தது. ஐரிஷ் வாக்காளர் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது. முழு விடுதலை கேட்ட ஷின் ஃபேன் கட்சி 105ல் 73 இடங்களைப் பிடித்தது. தன்னாட்சி மட்டும் கேட்ட பழைய நாடாளுமன்றக் கட்சிக்கு 6 இடம். பிரிட்டனோடு இணைந்திருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்டுகளுக்கு 26.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். தீவு முழுவதையும் கணக்கிட்டால் ஷின் ஃபேன் பெற்ற வாக்கு 47 விழுக்காடுதான், பெரும்பான்மை இல்லை என்பது ஒரு வாதம். 25 தொகுதிகளில் போட்டியே இல்லாமல் ஜெயித்ததால் அங்கே விழுந்திருக்கக்கூடிய வாக்குகள் அந்த விழுக்காட்டில் சேரவில்லை என்பது பதில் வாதம். இரண்டும் சரி. யாராவது ஒன்றை மட்டும் சொன்னால் அவர் எந்தக் கட்சி என்று ஊகித்துக்கொள்ளலாம். தேர்தல் அறிக்கையில் குடியரசு என்ற இலக்கு தெளிவாக இருந்தது. இங்கிலாந்தின் ராணுவப் பிடியைச் செயலிழக்கச் செய்ய எந்த வழியையும் கையாள்வோம் என்ற வரியும் இருந்தது. அதைப் படித்தவர் போருக்கு வாக்களித்தாரா? ஷின் ஃபேன் உறுப்பினர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகாமல் டப்ளினில் அமைத்த டாயில் முதன்முதலாகக் கூடிய அதே நாளில் டிப்பரரி மாவட்டம் சோலோஹெட்பெகில் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டாயிலின் அனுமதி பெற்று நடந்த காரியம் இல்லை அது. ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசு ராணுவம்) என்ற ஆயுதப்படையின் செயல்களுக்குத் தான் பொறுப்பு என்று டாயில் தரப்பு வெளிப்படையாக ஏற்க 1921 ஆகிவிட்டது.

அடுத்தது 1921 மே தேர்தல். இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். வடகிழக்கு ஆறு மாவட்டங்கள் நீங்கலான தெற்கில் 128 இடங்கள். ஷின் ஃபேன் 124, டிரினிட்டி கல்லூரித் தொகுதியிலிருந்து 4 பேர். அத்தனை பேரும் போட்டியின்றித் தேர்வு. தெற்கில் ஒரு வாக்குச்சீட்டுகூடப் போடப்படவில்லை. இப்படி அமைந்த இரண்டாம் டாயில்தான் 1921 டிசம்பர் 6 அன்று லண்டனில் பிரிட்டிஷ் அரசோடு கையெழுத்தான உடன்படிக்கையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிற்காலக் குடியரசுவாதிகள் பல பத்தாண்டுகள் ஒரே சட்டபூர்வ அரசு என்று கட்டிக்காத்ததும் இதே அவையைத்தான்.

அந்த உடன்படிக்கை தந்தது 'சுதந்திர அரசு' என்ற பெயரில் கனடாவைப் போன்ற டொமினியன் தகுதி, அதாவது பிரிட்டிஷ் மன்னரின் கீழ் தன்னாட்சி. வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் (வட அயர்லாந்து) விலகிக்கொள்ளலாம். நாடாளுமன்ற உறுப்பினர் முதலில் சுதந்திர அரசின் அரசியலமைப்புக்கும், பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் விசுவாசம் கூற வேண்டும். விவாதத்தில் அதிகம் அடிபட்டது இந்த உறுதிமொழிதான். பிரிவினையைப் பற்றிய பேச்சு வியப்பளிக்கும் அளவு குறைவு. 1922 ஜனவரி 7 அன்று 64க்கு 57 என்று உடன்படிக்கை நிறைவேறியது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் வாதம்: இது முழு விடுதலை இல்லை, விடுதலையை எட்டிப்பிடிப்பதற்கான விடுதலை. எதிர்ப்பக்கத்தில் கூர்மையாகப் பேசியவர் லியம் மெல்லோஸ். இது மக்களின் விருப்பம் இல்லை, மக்களின் அச்சம் என்றார். கையெழுத்திட மறுத்தால் உடனடியாகப் பயங்கரப் போர் வரும் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் மிரட்டியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆமென்று தலையாட்டினால் அது சம்மதமா? என் பார்வையில் எதிர்ப்பாளர்கள் வைத்தவற்றிலேயே வலுவான வாதம் இதுதான். ஆனால் இதை முழுதாக ஏற்றுக்கொண்டால், வலிய அண்டைநாடு மிரட்டிக்கொண்டிருக்கும்வரை எந்த மக்களும் எதையும் தீர்மானிக்கவே முடியாது என்று ஆகிவிடும். எதிர்ப்புத் தரப்பின் முக்கியத் தலைவர் டி வலேரா இன்னும் ஒருபடி மேலே போனார். சிறுபான்மை ஆயுதம் ஏந்தியாவது காக்கக்கூடிய உரிமைகள் உண்டு, தவறு செய்ய மக்களுக்கு உரிமை இல்லை என்ற பொருளில் 1922 மார்ச்சில் ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பேச்சுகள் ஆயுளுக்கும் அவரைத் துரத்தின.

அதே மார்ச்சில் ஐ.ஆர்.ஏ.யின் ஒரு பிரிவு தடையை மீறி மாநாடு கூட்டி, டாயிலுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று தீர்மானித்தது. மாநாட்டுக்குச் சில நாள் முன், அப்படியானால் ராணுவ சர்வாதிகாரமா வரப்போகிறது என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பிரிவின் தலைவர்களில் ஒருவரான ரோரி ஓ'கானர். முன்னே நான் சொன்ன அந்த ஒருவர் இவர்தான். பேச்சோடும் நிற்கவில்லை: மாநாட்டுச் செய்தியை வெளியிட்ட டப்ளின் நாளிதழ் ஒன்றின் அச்சு இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன; ஸ்லைகோவில் உடன்படிக்கை ஆதரவுத் தலைவர் ஆர்தர் கிரிஃபித் பேசவிருந்த கூட்டத்துக்குத் தடை போடப்பட்டது (அவர் போய்ப் பேசினார்); ஏப்ரல் 14 அன்று நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸ் கைப்பற்றப்பட்டது.

உடன்படிக்கை ஆதரவாளர்கள் சுத்தமான ஜனநாயகவாதிகள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 1922 மார்ச் 2 அன்று, வரும் தேர்தலிலேயே 21 வயதுப் பெண்களுக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்று கேட் ஓ'கலஹன் டாயிலில் தீர்மானம் கொண்டுவந்தார். 1916 பிரகடனத்தின் வாக்குறுதி அதுதானே. தேர்தலைத் தள்ளிப்போடச் செய்யும் தந்திரம் என்று சொல்லி கிரிஃபித் எதிர்த்தார். 47க்கு 38 என்று தோற்கடிக்கப்பட்டது. டாயிலில் இருந்த ஆறு பெண்களும் உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்தவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கிரிஃபித்தின் சந்தேகமும் புரியும், எதிர்த்தரப்பின் கோபமும் புரியும்.

பிறகு 1922 மே 20 அன்று காலின்ஸும் டி வலேராவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இருதரப்பும் டாயிலில் அப்போதிருந்த பலத்துக்கு ஏற்ப ஒரே பட்டியலில் நிற்பது. தேர்தலுக்குப் பின் கூட்டு அமைச்சரவை, அதில் ஜனாதிபதியும் பாதுகாப்பு அமைச்சரும் போக ஒன்பது பேரில் பெரும்பான்மைத் தரப்புக்கு ஐந்து, மற்றதற்கு நான்கு. வெளிப்படையாகச் சொன்னால், வாக்காளர் முடிவெடுப்பதற்கு முன்பே முடிவைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் மற்றக் கட்சிகள் போட்டியிடலாம் என்ற ஒரு கதவு திறந்திருந்தது. தேர்தல் முறை ஒற்றை மாற்று வாக்கு: நம் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்களே, அதே முறை. பெரிய பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கும் இதில் இடம் கிடைக்கும்.

ஜூன் 16 தேர்தலில் நடந்தது அதுதான். உடன்படிக்கை ஆதரவு ஷின் ஃபேன் ஏறத்தாழ 2,39,000 முதல் விருப்ப வாக்குகளும் 58 இடங்களும் பெற்றது. எதிர்ப்பு ஷின் ஃபேனுக்கு ஏறத்தாழ 1,34,000 வாக்கு, 36 இடம். தொழிற்கட்சி, விவசாயிகள் கட்சி, சுயேச்சைகள் சேர்ந்து ஏறத்தாழ 2,47,000 வாக்கு, 34 இடம். தொழிற்கட்சி நிறுத்திய 18 பேரில் 17 பேர் ஜெயித்தார்கள். அதாவது அதிக வாக்கு வாங்கியவர்கள் இரு ஷின் ஃபேன்களும் அல்லாதவர்கள். வேலை, நிலம், கூலி, அமைதி பற்றி யாராவது பேசுங்கள் என்று வாக்காளர் சொன்னதாகவே நான் இதைப் படிக்கிறேன். அந்தக் கட்சிகளும் உடன்படிக்கையை ஏற்றவையே என்பதால், எதிர்ப்பை ஆதரித்தவர் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். 'மக்கள் உடன்படிக்கையை ஏற்றார்கள்' என்பதற்கு இதுவே நல்ல ஆதாரம். குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் போட்டியே நடக்கவில்லை, சில இடங்களில் சுயேச்சைகள் மிரட்டப்பட்டார்கள், மக்கள் தீர்ப்புக் கூறவேண்டிய அரசியலமைப்பின் வாசகம் வாக்குப்பதிவு நாளன்று காலையில்தான் செய்தித்தாளில் வந்தது.

அடுத்த இரண்டு வாரங்களில் எல்லாம் குலைந்தது. ஜூன் 22 அன்று லண்டனில் ஃபீல்ட் மார்ஷல் ஹென்றி வில்சன் கொல்லப்பட்டார், ஃபோர் கோர்ட்ஸில் இருப்பவர்களை வெளியேற்றும்படி பிரிட்டன் நெருக்கியது. 28ஆம் தேதி அதிகாலை, பிரிட்டிஷ் ராணுவத்திடம் கடன் வாங்கிய 18 பவுண்டர் பீரங்கிகளால் காலின்ஸின் படை ஃபோர் கோர்ட்ஸைச் சுடத் தொடங்கியது. இரண்டாம் டாயில் 30ஆம் தேதி கூடித் தன்னைக் கலைத்துக்கொள்ள வேண்டும், புதிய அவை மறுநாள் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் நடக்கவில்லை. புதிய அவை செப்டம்பர் 9 வரை தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. அதற்குள் கிரிஃபித்தும் காலின்ஸும் இறந்துவிட்டார்கள். போரின் முதல் பத்து வாரங்களை, மக்கள் தேர்ந்தெடுத்த அவையைக் கூட்டாமலேயே, ஜனநாயகத்தின் பெயரால் நடத்தினார்கள். சுதந்திர அரசின் ஆதரவாளர்கள் அதிகம் பேச விரும்பாத இடம் இது.

இரண்டாம் டாயில் முறையாகக் கலைக்கப்படவே இல்லை என்ற அந்த ஒற்றை நடைமுறைக் குறையின் மேல் ஒரு மாளிகையே எழுப்பினார்கள். அது கலையவில்லையென்றால் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் உறுப்பினர்கள்தான் அரசு. 1922 அக்டோபரில் எதிர்ப்பு உறுப்பினர்கள் ரகசியமாகக் கூடி டி வலேராவை ஜனாதிபதியாக்கினார்கள். 1938 டிசம்பரில், அந்த நிலையில் உறுதியாக நின்ற கடைசி ஏழு பேர் தங்கள் 'அரசாங்க அதிகாரத்தை' ஐ.ஆர்.ஏ.யின் ராணுவக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாக்குச்சீட்டே போடாமல் அமைந்த அவையின் ஏழு பேர் ஒரு நாட்டின் இறையாண்மையை உயில் எழுதுவதுபோல் கைமாற்றியது, சட்ட நுணுக்கம் ஜனநாயகத்தை எவ்வளவு தூரம் விட்டுப் போகலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த உச்சம். அவர்களில் கடைசிவரை வாழ்ந்த டாம் மக்வையர், பிற்காலப் பிளவுகளில் எந்த ஐ.ஆர்.ஏ. உண்மையானது என்று சான்றளிக்கும் இடத்தில் இருந்தார்.

போரின் கொடுமை இரு பக்கமும் உண்டு. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அரசு அதிகாரபூர்வமாக 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அவற்றில் மிக மோசமானது, டிசம்பர் 7 அன்று டாயில் உறுப்பினர் ஷான் ஹேல்ஸ் கொல்லப்பட்டதற்குப் பதிலாக, ஜூன் மாதமே பிடிபட்டுச் சிறையிலிருந்த ஓ'கானர், மெல்லோஸ் உள்ளிட்ட நால்வரை மறுநாள் காலையே விசாரணையின்றிச் சுட்டது. எந்த அரசியலமைப்பிலும் இதற்கு இடமில்லை. இரண்டு நாளுக்கு முன் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சொந்த அரசியலமைப்பிலும் இல்லை.

இனி, ஜனநாயகம் எப்படி நிலைத்தது என்பதற்கு வருவோம். ஜெயித்தவர் நல்லவர் என்பதால் நிலைத்தது என்று எழுதுவோர் உண்டு. பின்னாளில் வட அயர்லாந்தில் வன்முறை எரிந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பார்வைக்கு மவுசு கூடியது. உள்நாட்டுப் போரில் அரசு வென்றதைப் போற்றுவது அன்றைய ஐ.ஆர்.ஏ.யைக் கண்டிப்பதற்கும் வசதியாக இருந்தது. நான் அதைவிடத் தோற்றவர் திரும்பி வர வழி இருந்ததா என்று பார்ப்பேன். 1923 ஆகஸ்ட் தேர்தலில், ஆயிரக்கணக்கானோர் சிறையில் கிடக்க, டி வலேராவையே பிரசார மேடையில் கைது செய்த பிறகும் குடியரசுவாதிகள் 153ல் 44 இடம் பிடித்தார்கள். விகிதாசார முறை அவர்களைத் துடைத்தெறிய விடவில்லை. தடையாக நின்றது உறுதிமொழி. 1926 மார்ச்சில், உறுதிமொழி மட்டும் நீங்கினால் டாயிலுக்குள் போவதைக் கொள்கைப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டாம் என்று டி வலேரா ஷின் ஃபேன் மாநாட்டில் கேட்டு, 223க்கு 218 என்று தோற்று, வெளியேறி, மே மாதம் ஃபியானா ஃபாயில் கட்சியைத் தொடங்கினார்.

1927 ஜூலை 10 அன்று அமைச்சர் கெவின் ஓ'ஹிகின்ஸ் கொல்லப்பட்டார். அரசு உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தது: வேட்பாளராக நிற்பவரே, ஜெயித்தால் உறுதிமொழி எடுப்பேன் என்று எழுதித் தர வேண்டும். தடையை இறுக்கப் போட்ட முடிச்சு வேறு விதமாக வேலை செய்தது. ஆகஸ்டில் டி வலேரா உள்ளே போனார். பைபிளை ஒதுக்கி வைத்துவிட்டு, வெற்றுச் சம்பிரதாயம் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுக்கு முன் இதே கையெழுத்தைப் போட்டிருந்தால் என்று கேட்காத அயர்லாந்துக்காரர் அரிது. நான்கே நாளில், ஆகஸ்ட் 16 அன்று, உடன்படிக்கைத் தரப்பின் தலைவர் காஸ்கிரேவின் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம்: 71க்கு 71. ஸ்லைகோ உறுப்பினர் ஜின்க்ஸ் என்பவர் வாக்கெடுப்பு நேரத்தில் அவையில் இல்லை. அவைத்தலைவரின் வாக்கால் அரசு தப்பியது. அவரை யார் எங்கே அழைத்துப்போனார்கள் என்ற கதைகள் இன்றும் ஓடுகின்றன.

1922 அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு, 75,000 வாக்காளர் கையெழுத்திட்டால் மக்களே சட்டத்தை முன்மொழியும் முறையைக் கொண்டுவர வழி வைத்திருந்தது. உறுதிமொழியை நீக்க இதைப் பயன்படுத்தலாம் என்று டி வலேரா 1928ல் 96,000 கையெழுத்துகளோடு வந்தார். 'ஜனநாயகத் தரப்பு' என்று பேர் வாங்கிய அரசு என்ன செய்தது? அந்தப் பிரிவையே நீக்கியது. முன்னாள் கலகக்காரர் மனுவோடு நிற்க, அரசு கதவைச் சாத்திய காட்சி அது.

1932 பிப்ரவரித் தேர்தலில் ஃபியானா ஃபாயில் 72, காஸ்கிரேவின் கட்சி 57. மார்ச் 9 அன்று, பத்தாண்டுக்கு முன் போரில் தோற்றவர்களிடம் ஜெயித்தவர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். புதிய அமைச்சர்களில் சிலர் சட்டைப்பையில் துப்பாக்கியோடு அவைக்குள் போனதாகச் சொல்வார்கள், தேவைப்படவில்லை. அயர்லாந்து ஜனநாயகம் உறுதியான நாள் எது என்று கேட்டால் நான் 1922 ஜூனைச் சொல்ல மாட்டேன், இந்த நாளைச் சொல்வேன். அதற்குப்பின் டி வலேரா 1933ல் உறுதிமொழியை ஒழித்தார், 1934ல் உடன்படிக்கையை எதிர்த்துப் போரிட்டவர்களுக்கும் ஓய்வூதியம் தந்தார், 1936ல் ஐ.ஆர்.ஏ.யைத் தடை செய்தார். 1937 ஜூலை 1 அன்று புதிய அரசியலமைப்பு 6,85,105க்கு 5,26,945 என்று மக்கள் வாக்கில் தேறியது. (அதன் 45ஆம் பிரிவிலிருந்துதான் இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் என்ற யோசனை வந்தது.) அதில் மன்னர் இல்லை, குடியரசு என்ற சொல்லும் இல்லை. 1949 ஏப்ரல் 18 அன்று முறைப்படி குடியரசானபோது ஆட்சியில் இருந்தது காஸ்கிரேவ் வழிவந்த கட்சியின் ஜான் காஸ்டெல்லோ. விடுதலையை எட்டிப்பிடிப்பதற்கான விடுதலை என்ற காலின்ஸின் படிக்கட்டு வாதத்தை ஏறிக் காட்டியவர் டி வலேரா. டி வலேராவின் குடியரசை அறிவித்தது உடன்படிக்கைத் தரப்பின் வாரிசு.

தோற்றவர் திரும்பி வர வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கைப் பாருங்கள். அங்கே யூனியனிஸ்ட் அரசு உள்ளாட்சியில் 1922லும் நாடாளுமன்றத்தில் 1929லும் விகிதாசார முறையை ஒழித்தது. 1921 முதல் 1972 வரை ஒரே கட்சி ஆட்சி. தேர்தல்கள் தவறாமல் நடந்தன, பெரும்பான்மையும் உண்மையானதுதான். ஆனால் எல்லைக்கோடு வரையப்பட்டதே அந்தப் பெரும்பான்மை எப்போதும் மாறாதபடி என்பதால், சிறுபான்மைத் தேசியவாதிகளுக்கு வாக்குப்பெட்டி எதையும் மாற்றாத பெட்டியாகிவிட்டது. 1918 தீவு முழுவதின் தீர்ப்பு, அதற்குப்பின் வந்ததெல்லாம் செல்லாது என்ற பழைய குடியரசுவாத வாதம் தெற்கில் செத்தும் வடக்கில் உயிர்த்தது இதனால்தான்.

வடக்கின் வன்முறையை முடிக்க எட்டப்பட்ட அமைதி உடன்பாட்டின் மீது 1998 மே 22 அன்று எல்லையின் இருபுறமும் ஒரே நாளில் வாக்கெடுப்பு வைத்தது அந்த 1918 வாதத்துக்குப் பதிலாகத்தான். வடக்கின் மிதவாதத் தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூம் நெடுநாள் வலியுறுத்திய யோசனை. வடக்கில் 71.1 விழுக்காடு, தெற்கில் 94.4 விழுக்காடு ஆம். ஏற்காத சிறு குழுக்கள், இருபுறமும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றல்ல என்று இன்னும் வாதிடுகின்றன. வடக்கில் அமைதி உடன்பாட்டையும் தெற்கில் அரசியலமைப்புத் திருத்தத்தையும் பற்றிக் கேட்டதால் தொழில்நுட்பரீதியில் அது உண்மைதான். ஆனால் தீவின் எந்தப் பக்கமும் சந்தேகத்துக்கு இடமில்லாத பெரும்பான்மை இருக்கும்போது அந்த நுணுக்கத்துக்கு எடை குறைவு.

இப்போது ஓடும் விவாதம், வடக்கையும் தெற்கையும் ஒரே நாடாக்குவதா என்ற இணைப்பு வாக்கெடுப்பைப் பற்றியது. 1998 உடன்பாட்டின்படி வடக்கில் பெரும்பான்மை ஆதரவு வரக்கூடும் என்று வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் அதை நடத்தியாக வேண்டும். தோற்றால் ஏழு ஆண்டு இடைவெளி. பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு அதிகம் இருந்தாலும் போதும். கொள்கையளவில் ஆம், இல்லை என்று முதலில் கேட்டுவிட்டு விவரத்தைப் பிறகு எழுதலாமா, விவரத்தை முழுதாக முன்வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா என்பதில் குடியரசுவாதிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நான் இரண்டாவது பக்கம். 1922ல் அரசியலமைப்பு வாக்காளர் கைக்கு வந்தது வாக்குப்பதிவு நாளன்று காலையில்.